சந்தேகப்படும் உடம்பு

(பொள்ளாச்சியில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. கவிதை இன்னொரு நாள் ஆகட்டும். எங்க தெருவுல நடந்த ஒண்ணைச் சொல்லணும்.

பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு. 800 மீட்டர் ஓடுது. அப்பா தோப்புல தேங்காய் உரிக்கிறவர், அம்மாவுக்கு நார் மில்லுல கூலி. ஒருநாள் ராத்திரி வந்து, பேப்பர்ல மடிச்ச நாலு மாத்திரையை என் முன்னால வச்சுது. "அண்ணா, இது என்னன்னு பாத்துச் சொல்றீங்களா?" யார் குடுத்தாங்கன்னு கேட்டேன். "ஓட்டம் சொல்லிக் குடுக்கிறவருங்கண்ணா. சத்து மாத்திரையாம். இது இல்லாம மாநில அளவுக்குப் போக முடியாதாம்."

அந்த நாலு மாத்திரையை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் தமிழ்நாட்டுக் கிராமத்து உழைக்கும் வீட்டுப் பெண்கள். இரண்டு பேரும் ஓடியது 800 மீட்டர். இரண்டு பேரும் ஜெயித்தது கத்தார் நாட்டு தோஹாவில். இரண்டு பேரிடமிருந்தும் பதக்கம் பறிக்கப்பட்டது. ஆனால் இரண்டும் ஒரே கதை அல்ல. ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

முதலாமவர் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள், தலித் பெண். 2006 டிசம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வாங்கினார். சில நாட்களில் பாலினச் சோதனை, அதன் முடிவு பத்திரிகைக்குக் கசிவு, பதக்கம் பறிப்பு. அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. பிறந்த உடம்போடு ஓடியதுதான் குற்றம். 2012இல் அவர் சூளையில் கூலிக்குக் கல் சுமந்தது செய்தியாக வந்தது. 2014இல் ஒடிசாவின் தூத்தி சந்தை இதே மாதிரி நிறுத்தியபோது அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போனார். 2015இல் அந்த விதியையே நிறுத்தி வைக்க வைத்தார். சாந்திக்கு 2006இல் அப்படி வழக்காடிக் கொடுக்க ஒரு நாதியில்லை.

இரண்டாமவர் கோமதி மாரிமுத்து. திருச்சி பக்கம் முடிகண்டம். அப்பா விவசாயக் கூலி. 2019 ஏப்ரலில் ஆசிய தடகளப் போட்டியில் தங்கம். ஊரே தூக்கிக் கொண்டாடியது. மகள் சாப்பிட வேண்டும் என்று அப்பா மாட்டுக்கு வைத்திருந்ததைச் சாப்பிட்டதை அவர் சொன்னபோது அழாதவர்கள் குறைவு. அடுத்த மாதமே சேதி வந்தது: சிறுநீரில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம். நான்கு மாதிரிகளில். பி மாதிரியிலும் அதே முடிவு. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். ஏற்கப்படவில்லை. நான்காண்டுத் தடை, தங்கமும் போனது.

இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். நம்ம மாதிரி ஏழை வீட்டுப் பொண்ணு என்பதற்காக நான்கு மாதிரியைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஸ்டீராய்டு என்ன செய்யும்? தசையைச் சீக்கிரம் வளர்க்கும், களைப்பைச் சீக்கிரம் ஆற்றும். இன்றைக்குச் செத்து விழுகிற மாதிரி ஓடினவர் நாளைக்கும் அப்படியே ஓடலாம். பக்கத்துப் பாதையில் மருந்தில்லாமல் ஓடுகிறவளும் ஒரு கூலிக்காரி மகளாக இருக்கலாம். அவளுடைய இடத்தைத் திருடுவதும் திருட்டுத்தான்.

ஆனால் கணக்கை முழுசாகப் பார்க்கணும். நான் பேங்குல குமாஸ்தா. ஒருநாள் கல்லாவுல பணம் குறைஞ்சுது. எல்லாக் கண்ணும் முதல்ல போனது கூட்டிப் பெருக்குற அம்மா மேலதான். கடைசியில ஒரு கட்டை ரெண்டு தடவை எண்ணுனதுதான் தப்புன்னு தெரிஞ்சுது. அந்தம்மாகிட்ட யாரும் மன்னிப்புக் கேக்கல. சந்தேகம் வேறு, தணிக்கை வேறு. சந்தேகம் ஆளைப் பார்க்கும். தணிக்கை சீட்டைப் பார்க்கும், கையெழுத்தைப் பார்க்கும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கடைசி வரைக்கும் போகும்.

கோமதி விஷயத்தில் தணிக்கை கடைசி வரைக்கும் போனதா? அந்த நான்கில் ஒரு மாதிரி மார்ச் மாதமே பாட்டியாலாவில் எடுத்தது. அதன் முடிவு வருவதற்கு முன்பே அவரை விமானம் ஏற்றி தோஹாவுக்கு அனுப்பியாயிற்று. அந்தத் தாமதத்துக்கு யாருக்கு எத்தனை வருஷம் தடை?

2011இல் இந்தியத் தொடர் ஓட்டப் பெண்கள் வரிசையாக மாட்டினார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பினார்கள், அவ்வளவுதான். பெண்களுக்கு முதலில் ஓராண்டு, பிறகு இரண்டாண்டு தடை. பழைய கிழக்கு ஜெர்மனியில் அரசாங்கமே சிறுமிகளுக்கு வைட்டமின் என்று சொல்லி நீல நிற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தது. நாடே இல்லாமல் போன பிறகு, 2000இல்தான் அதன் விளையாட்டுத் தலைவர் பெர்லினில் தண்டிக்கப்பட்டார். வைட்டமின், சத்து மாத்திரை. பேர் மாறவே இல்லை பாருங்க.

2023இல் இந்தியாவில் 5606 மாதிரிகளைச் சோதித்ததில் 214இல் தடை மருந்து. அதே ஆண்டு டெல்லி மாநிலப் போட்டியில் சோதனை அதிகாரிகள் வந்தார்கள் என்று தெரிந்ததும், 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. அந்த ஊசியை விற்றவன் எந்தக் கோட்டில் வந்து நின்றான்?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டம் ஒரு விளையாட்டு. நமக்கு அது ரயில்வே வேலை, போலீஸ் வேலை, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு காலேஜ் சீட். சூளையிலிருந்து வெளியே போகிற ஒரு வழி. அதனால்தான் மாத்திரைக்காரன் நம்ம தெருவைத் தேடி வருகிறான். பிடிபட்டால் அவன் அடுத்த தெருவுக்குப் போவான். நம்ம பிள்ளை திரும்பச் சூளைக்குப் போகும்.

அதனால தாய்மார்களே, நாலு சங்கதியை மனசுல வச்சுக்குங்க. பேர் தெரியாத மாத்திரை, பவுடர், ஊசி எதையும் பிள்ளை உடம்புக்குள்ள விடாதீங்க. டாக்டர் குடுத்த மருந்துன்னாலும் சீட்டையும் அட்டையையும் பத்திரமா வைங்க. ஓடுற பிள்ளைன்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க. தடை மருந்துப் பட்டியல் வருஷா வருஷம் மாறும், யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுங்க. மாட்டினா பி மாதிரியைத் திறக்கச் சொல்லிக் கேக்கற உரிமை பிள்ளைக்கு உண்டு. "எனக்குத் தெரியாது" என்பது அந்தச் சட்டத்தில் விடுதலை தராது. உடம்பில் இருந்தால் பொறுப்பு ஓடினவருடையதுதான்.

அந்தப் பொண்ணு மாத்திரையைச் சாப்பிடல. அந்த ஆள்கிட்டப் போறதையும் நிறுத்திருச்சு. காலையில அதுவா எந்திரிச்சு ஓடுது. போன வாரம் போட்டியில நாலாவதா வந்துச்சு. மூணு பேருக்குத்தான் அடுத்த கட்டம். வரும்போது பஸ்ஸுல கேட்டுச்சு: "முன்னால போன மூணு பேரும் மாத்திரை சாப்பிட்டவங்களாண்ணா?"

ஆமான்னு சொன்னா அதுக்கு ஆறுதலா இருந்திருக்கும். எனக்கும்தான்.

"தெரியாது கண்ணு. தெரியாம ஒருத்தரைச் சொல்லக்கூடாது. சாந்திக்கு அதைத்தான் செஞ்சாங்க"ன்னு சொன்னேன்.

ஊர் வர்ற வரைக்கும் அது ஒண்ணும் பேசல. மறுநாள் விடிகாலை அஞ்சு மணிக்கு எங்க வாசல் வழியா ஓடுற சத்தம் கேட்டுச்சு.