ஓர் இணைப்பும் எல்லா இணைப்புகளும்

 

முடிவிலிகளில் சிறியதும் பெரியதும் உண்டு என்று கேள்விப்படாதவர், கணித ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் கூடியுள்ள இந்த அவையில் இருக்க மாட்டார்கள். ஆனால் 'பெரிது' என்று எந்தப் பொருளில் சொல்கிறோம் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

கல்யாணப் பந்தியில் இலைக்கு ஓர் ஆள் உட்கார்ந்து, காலி இலையும் இல்லை, இடமின்றி நிற்பவரும் இல்லை என்றால், தலை எண்ணாமலே இரண்டும் சமம் என்று சொல்லிவிடுகிறோம். முடிவிலிகளை ஒப்பிடக் கணிதவியலாளர் கேன்டர் கைக்கொண்ட அளவுகோல் இதுவே. 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 6 என்று இணைத்துக்கொண்டே போனால் இயல் எண்களிலும் மிச்சமில்லை, இரட்டை எண்களிலும் மிச்சமில்லை. கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் வர்க்க எண்களைக் கொண்டு இதைக் கண்டார். கண்டும், முடிவிலிகளுக்குள் சமம், பெரிது, சிறிது என்ற பேச்சே பொருந்தாது என்று விட்டுவிட்டார்.

'2ஐ 2உடனும் 4ஐ 4உடனும் இணைத்தால் ஒற்றை எண்கள் மிஞ்சுமே' என்று மாணவர் கேட்பார். மிஞ்சட்டும். ஓர் இணைப்பு தோற்றதால் மட்டும் ஒன்று மற்றதைவிடப் பெரிதாகிவிடாது. அதற்கு எல்லா இணைப்புகளும் தோற்றாக வேண்டும். பின்னங்களும் இரட்டை எண்களைப் போலத்தான். எண்கோட்டில் எந்த இரண்டு பின்னங்களுக்கு நடுவிலும் எண்ணற்ற பின்னங்கள் நெருங்கிக் கிடப்பதால் அவை இயல் எண்களைவிட அதிகம் என்று தோன்றும். ஆனால் தொகுதி, பகுதி இவற்றின் கூட்டுத்தொகைப்படி 1/1, 1/2, 2/1, 1/3, 3/1 என்று அடுக்குங்கள். மிகைப் பின்னங்கள் அத்தனையும் வரிசையில் வந்துவிடும்.

மெய்யெண்கள் அப்படி வரிசையில் அடங்குவதில்லை. கேன்டர் இதை முதலில் நிறுவியது 1874இல், வேறொரு வழியில். புகழ்பெற்ற மூலைவிட்ட முறை 1891இல்தான் வந்தது. 0க்கும் 1க்கும் இடைப்பட்ட மெய்யெண்களின் பட்டியல் ஒன்றைக் கொடுங்கள். முதல் எண்ணின் முதல் தசம இலக்கம், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம் என்று பார்த்துக்கொண்டே போய், 5 இருந்தால் 6 எனவும், வேறெது இருந்தாலும் 5 எனவும் எழுதுவேன். கிடைக்கும் எண் உங்கள் பட்டியலில் எங்குமே இராது.

'அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டால்?' நான் அடிக்கடி கேட்ட கேள்வி இது, நல்ல கேள்வியும்கூட. சேர்த்தால் அது புதுப் பட்டியல். அதே முறை அதிலும் விடுபட்ட ஓர் எண்ணைக் காட்டும். வாதம் உங்கள் பட்டியலைப் பற்றியது மட்டுமன்று, இருக்கக்கூடிய எல்லாப் பட்டியல்களையும் பற்றியது. அப்படியானால் இயல் எண்களும் பட்டியலில் அடங்காதோ என்றால், இல்லை. இதே உத்தியை இயல் எண்களின் பட்டியலில் செய்துபார்த்தால் முடிவில்லாத இலக்கங்கள் கிடைக்கும். அது இயல் எண்ணே ஆகாது.

இன்னொரு பிழை புத்தகங்களிலும் நுழைந்துவிட்டது: மெய்யெண்களின் அளவே இயல் எண்களுக்கு அடுத்த முடிவிலி என்பதை நிறுவப்பட்ட உண்மையாகச் சொல்வது. அது கேன்டரின் கருதுகோள் மட்டுமே. ஹில்பர்ட் 1900இல் பாரிஸில் முன்வைத்த கேள்விகளில் முதலாவது. வழக்கமான கணக் கோட்பாட்டு அடிகோள்கள் முரணற்றவையாயின், அவற்றைக் கொண்டு அதைப் பொய்யென்று நிறுவ முடியாது என கோடலும், மெய்யென்று நிறுவ முடியாது என 1963இல் கோஹனும் காட்டினர்.

கட்டுரை வாசிக்கவிருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 'பெரிது' என்று நீங்கள் சொல்லும் இடத்தில், ஓர் இணைப்பு தோற்றதைக் காட்டினீர்களா, எல்லா இணைப்புகளும் தோற்பதைக் காட்டினீர்களா என்பதை அவைக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.