அளவுகோலும் மொழியும்



படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஓர் ஊர்ப் படியால் அளந்த நெல்லுக்கு மற்றோர் ஊர்க் கணக்கில் விலை பேசினால் வழக்கு வராமல் இருக்குமா? குழந்தைகளின் அறிவை அளக்கும் சோதனைகளுக்கும் இது பொருந்தும்.

1905ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஆல்பிரெட் பினே, சிமோன் என்பவரின் துணையுடன் அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து தனிப்பயிற்சி அளிக்க உதவுவதே அதன் நோக்கம். 1916இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டெர்மன் அதனை விரித்தமைத்தார்.

அச்சோதனையை நம் நாட்டுக்கு ஏற்ப அமைத்தவர்களுள் வி. வி. காமத் குறிப்பிடத்தக்கவர். 1930களில் கன்னடம் பேசும் குழந்தைகளுக்கும் மராத்தி பேசும் குழந்தைகளுக்கும் உரியதாக அதனைத் திருத்தினார். வெறும் மொழிபெயர்ப்போடு அவர் நின்றுவிடவில்லை. பொருந்தாத வினாக்களை மாற்றினார். எவ்வினா எவ்வயதுக்கு உரியது என்பதைக் குழந்தைகளிடமே சோதித்து வரையறுத்தார். இப்பணியை விளக்கும் அவரது நூல் 1940இல் வெளிவந்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கின்றது. சொல்லுக்குச் சொல் வைத்தால் பொருள் வந்துவிடலாம். வினாவின் எளிமையும் கடுமையும் அப்படியே வருவதில்லை. ஒரு மொழியில் ஏழு வயதுக் குழந்தை அறிந்த சொல்லுக்கு நாம் இடும் நேர்ச்சொல், மற்றொரு மொழியில் பத்து வயதில் பழகுவதாக இருக்கலாம்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பகுதியையும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு மலைகளையும் எண்ணிப் பாருங்கள். அங்கே வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் கேட்டு வளரும் குழந்தைகள் பலர். ‘விஷமம்’ என்றால் என்ன என்று அத்தகைய குழந்தையைக் கேட்டால், ‘வருத்தம்’ என்று விடை கூறலாம். மலையாளத்தில் அது சரியான விடை. தமிழ் விடைத்தாளோ ‘குறும்பு’ என்றே எதிர்பார்க்கும். இரு மொழி அறிந்த குழந்தைக்கு அங்கே ஒரு மதிப்பெண் குறைகிறது. இப்படிச் சில வினாக்கள் சேர்ந்தால், ‘மந்தம்’ என்ற பெயர் அதன்மேல் விழுந்துவிடும். குறை குழந்தையிடமா, அளவுகோலிடமா?

வெளி மாநிலங்களில் வாழும் உங்கள் வீட்டிலும் இது நேரலாம். உங்கள் குழந்தை எத்தனை மதிப்பெண் பெற்றது என்று கேட்குமுன், எந்த மொழியில் வினவினார்கள், அந்த அளவுகோல் எந்தக் குழந்தைகளைக் கொண்டு அமைக்கப்பட்டது என்று கேளுங்கள்.