சிரித்துக் கற்கட்டும் நம் செல்வங்கள்

(ஆலயச் சமய வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மலேசியத் திருநாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆயினும், தேசியப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் பலர்க்கு ஆலயச் சமய வகுப்பே தமிழ் எழுத்தோடு உறவாடும் இடமாக இருக்கிறது. அங்கும் தமிழ் என்றால் மனப்பாடம், சமயம் என்றால் கண்டிப்பு என்ற எண்ணம் பதிந்துவிடுமானால், அப்பிள்ளை பின்னாளில் தேவார நூலைத் தானாகத் திறந்து பார்ப்பது அரிது. ஆகவே, பிள்ளைகளைப் படிப்பின்பால் ஈர்க்க நகைச்சுவையை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பது குறித்துச் சில கருத்துகளைக் கூற விழைகிறேன்.

"திருக்கோயிலில் சிரிப்புக்கு இடமுண்டா?" எனப் பெரியோர் சிலர் கேட்கக்கூடும். சுந்தரர் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். திருமணப் பந்தலில் தம்மை அடிமையென்று கூறி வழக்காட வந்த முதியவரைப் பார்த்து நகைத்து, 'பித்தன்' என்றார் அவர். திருவெண்ணெய்நல்லூரில் அம்முதியவர் சிவபெருமானே என்பது தெளிந்தபின், அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுமாறு இறைவன் பணித்தருளினான். ஏசிய சொல்லே பதிகத்தின் முதற்சொல்லாயிற்று! காளமேகப் புலவரோ இகழ்வதுபோலப் புகழும் நிந்தாத்துதி பாடினார். தொல்காப்பியமும் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்துள்ளது. பிறரோடு கலந்து மகிழ அறியாதவர்க்கு இப்பேருலகம் பகலிலும் இருளே என்பது வள்ளுவர் கருத்து (குறள் 999).

நகைச்சுவை எவ்வாறு கற்பிக்கிறது? நாவல் மரத்துக் கதையை எடுத்துக்கொள்வோம். மரத்தின்மேல் இருந்த சிறுவன், "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா?" என ஒளவையைக் கேட்கிறான். இவ்விடத்தில் கதையை நிறுத்துங்கள். "பழம் எப்படிச் சுடும்?" எனப் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஆளுக்கொரு விடை வரும். பின்னர், மண்ணில் விழுந்த பழத்தை ஒளவை எடுத்து ஊதுவதையும், "பாட்டி, பழம் மிகவும் சுடுகிறதோ?" என்று முருகன் வினவுவதையும் சொல்லுங்கள். விளக்கவுரை இல்லாமலே சிரிப்பு எழும். ஒரு சொல்லுக்குள் இரு பொருள் ஒளிந்திருப்பதைத் தானே கண்டுபிடித்த மகிழ்ச்சி அது. சிரித்த பிள்ளைக்குப் பொருள் விளங்கிவிட்டது. அதற்கெனத் தனித்தேர்வு வேண்டியதில்லை.

இத்தாலியிலிருந்து வந்து தமிழ்ப் புலவரான வீரமாமுனிவர் (1680-1747) இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர். தமிழ் பயில்வோர் பேச்சுத்தமிழை அறிந்துகொள்ளும் பொருட்டு, அவர் பரமார்த்த குரு கதையை எழுதினார். 1822ஆம் ஆண்டு பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அதனை லண்டனில் பதிப்பித்தார். ஆற்றைக் கடந்த சீடர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தனரா என எண்ணுகின்றனர். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிடுகிறான். ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டதென்று அழுகின்றனர். படிக்கும் சிறுவனோ அவர்களுக்கு முன்பே பிழையைக் கண்டுகொள்கிறான். 'இப்பெரியவர்களைவிட நான் அறிவாளி' என்னும் பெருமிதமே அவனை அடுத்த பக்கத்தைப் புரட்ட வைக்கிறது.

எனினும், ஓர் எச்சரிக்கை தேவை. நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைத் தொல்காப்பியர் கூறுகிறார். இவற்றுள் எள்ளலுக்கு வகுப்பறையில் இடமளிக்கலாகாது. 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று படித்த பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிக்குமானால், அப்பிள்ளை மறுமுறை வாய் திறக்காது. தமிழையே வெறுத்து ஒதுங்கவும் கூடும். மாறாக, ஆசிரியரே "நான் நேற்றுப் பல்லிக்குச் சென்று பாடம் நடத்தினேன்" என்று கூறிப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். அப்போது சிரிப்பு ஆசிரியர்மேல் விழும். லகர ளகர வேறுபாடு பிள்ளைகளின் நெஞ்சில் நிற்கும். நிறம், உருவம், பேச்சுத் தடுமாற்றம், குடும்ப நிலை ஆகியவற்றைக் குறித்த கேலி எக்காலத்தும் வேண்டா. நாவல் மரத்தடியில் தோற்றது சிறுவனல்லன், தமிழ் மூதாட்டியே. அவர் சினவாமல் அத்தோல்வியை ஏற்றுக்கொண்டார். பெரியவர்களாகிய நமக்கும் அப்பண்பு வேண்டும்.

பெற்றோர்களே! வகுப்பு முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், "இன்று என்ன மனப்பாடம் செய்தாய்?" என்று மட்டும் கேளாதீர்கள். "சிரிக்கும்படி என்ன கேட்டாய்? எனக்கும் சொல்" என்று கேளுங்கள். அதைத் தமிழில் சொல்ல முயலும்போதே பிள்ளை சொற்களைத் தேடும், கோவையாகப் பேசப் பழகும். தெனாலிராமன் கதைகளை வாரம் ஒன்றாக வீட்டில் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பிழை நேர்ந்தால் இடைமறிக்காதீர்கள். கதை முடியட்டும், அனைவரும் சேர்ந்து சிரியுங்கள், பிறகு திருத்துங்கள்.

வழிபாட்டு வேளையில் அமைதியும், வகுப்பு வேளையில் மலர்ச்சியும் நம் ஆலயத்தில் நிலைபெறட்டும். இன்று சிரித்த முகத்தோடு வரும் பிள்ளைகளே நாளை இவ்வாலயத்தைப் பேணிக் காப்பவர்கள். எல்லாம்வல்ல இறைவன் அவர்களுக்கு நல்லறிவும் நன்மகிழ்வும் அருள்வானாக!