கலங்கிய காலத்தில் கலந்து முடிவெடுப்போம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இச்சபையில் பனியன் கம்பெனி நடத்துவோரும் இருக்கின்றீர்கள். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என அங்கே உழைப்போரும் இருக்கின்றீர்கள். தொழுகையில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கும் நீங்கள், தொழிலில் நெருக்கடி வரும்போது மட்டும் ஏன் ஒருவருக்கொருவர் அந்நியராகி விடுகின்றீர்கள்? இதுவே இன்று நான் கேட்க வந்த கேள்வி.

2025 ஆகஸ்ட் 27 அன்று நம் நாட்டுப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தது. அப்போது வங்கதேசத்திற்கும் வியட்நாமுக்கும் அது 20 சதவீதமாகவே இருந்தது. அதன் சுமை நம் ஊரில் எப்படி இறங்கியது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அடுத்த மாதம் ஒரு வாரத்திற்குள் இருவர் என்னைச் சந்தித்தார்கள். இருவரின் இசைவோடும், பெயர் குறிப்பிடாமல் சொல்கின்றேன். முதலில் வந்தவர் சிறிய கம்பெனி ஒன்றின் முதலாளி. "ஹஜ்ரத், பெரிய ஆர்டர் நின்றுவிட்டது. இன்னும் மூன்று சனிக்கிழமைகளுக்குத்தான் சம்பளப் பணம் இருக்கின்றது. ஆட்களிடம் சொல்லவில்லை, சொன்னால் போய்விடுவார்கள்" என்றார். இரண்டு நாள் கழித்து வந்தவர், அதே கம்பெனியின் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் வருமானத்தை நம்பிக் கூடுதல் வாடகைக்கு வீடு பார்த்து, முன்பணத்திற்குக் கடன் வாங்கப் போவதாகச் சொல்லி துஆச் செய்யக் கேட்டார். ஒருவர் இரகசியம் என்னிடம் அமானிதம். மற்றவரோ குழியை நோக்கி நடக்கின்றார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் முதலாளியை அழைத்து, "இன்றே உண்மையைச் சொல்லுங்கள், வழியையும் அவர்களிடமே கேளுங்கள்" என்றேன். அவர் சொன்னார். சிலர் விலகினார்கள். பெரும்பாலோர் நின்றார்கள். உள்நாட்டுச் சந்தைக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ஒன்றைத் தேடித் தந்தவர், மேலாளர் அல்லர். செக்கிங் பிரிவில் பணியாற்றும் ஒரு பெண்மணி. குறைந்த இலாபம்தான், ஆயினும் கதவு மூடப்படவில்லை. டெய்லரும் கடன் வாங்காமல் தப்பினார்.

இது நமக்குப் புதிய பாடமன்று. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் பெரும்படை மதீனாவை நோக்கி வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆபத்தை மறைக்கவில்லை, ஆலோசனை கேட்டார்கள். அகழ் வெட்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த, முன்பு அடிமையாய் இருந்த ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள். அந்த யோசனை ஏற்கப்பட்டது. நபியவர்களும் மண் சுமந்தார்கள். இன்று நம் கம்பெனிகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் எத்தனை பேர்! அவர்களில் எவரிடமேனும் நாம் யோசனை கேட்டதுண்டா?

ஆலோசனையைத் தள்ளிப்போட்டால் என்னவாகும் என்பதற்கு நம் நொய்யலே சாட்சி. சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணை நீர் கெட்டு, கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். சாயப்பட்டறைகள் கழிவு நீரைச் சிறிதும் வெளியேற்றக் கூடாதென 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அந்நிலையை எட்டவில்லை. 2011 ஜனவரி இறுதியில் வந்த உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. பிறகு மீட்சி எங்கிருந்து வந்தது? தனியொரு சிறு பட்டறையால் தாங்க இயலாத செலவைப் பலரும் சேர்ந்து சுமந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால் வந்தது. நீரை மீட்டு மீண்டும் சாயமிடும் முறை இங்கே நிலைபெற்றது. தனித்தனியே இயலாதது, கூடியபோது இயன்றது.

வரிகள் ஏறும், இறங்கும். நூல் விலையும் அப்படியே. நாளை என்ன நேருமென்பதை அல்லாஹ்வே அறிவான். ஆயினும் ஏற்பாடு செய்வது நம் கடமை. ஏழாண்டுச் செழிப்பில் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொல்லி, ஏழாண்டுப் பஞ்சத்தை எதிர்கொள்ள வழி வகுத்தவர்கள் யூசுஃப் (அலை) அவர்கள்.

எனவே தொழில் நடத்தும் சகோதரர்களை மூன்று காரியங்களுக்காக வேண்டுகின்றேன். ஒன்று, ஆர்டர் நிறைந்த மாதங்களில் சில வாரச் சம்பளத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அதில் இயந்திரம் வாங்காதீர்கள். இரண்டு, முழுக் கம்பெனியையும் ஒரே பையரின், ஒரே நாட்டின் கையில் ஒப்படைக்காதீர்கள். மூன்று, கெட்ட செய்தியை உங்கள் ஆட்கள் பேக்கரிக் கடையில் கேட்குமுன் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

உழைக்கும் சகோதரர்களே! உங்களை நம்பி உண்மையைச் சொன்னவரைக் கைவிட்டு, அடுத்த கம்பெனிக்கு அவசரப்பட்டு ஓடாதீர்கள். அவர் சொன்னதை ஊரெங்கும் பரப்பி அவருடைய நாணயத்தையும் குலைக்காதீர்கள். அதுவும் அமானிதமே.

கலந்து பேசி எடுத்த முடிவும் சில வேளை தவறலாம். அப்போதும் பழி ஒருவர் தலையில் விழாது. பாரம் பலர் தோளில் இருக்கும். நம் தொழிலிலும் உள்ளங்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.