வகுக்காமல் அறிந்த பேரெண்



ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண்ணை முதன்மை எண் என்கிறோம். பகா எண் என்பாரும் உளர். ஏழு அத்தகையது. பதினைந்து அத்தகையதன்று, மூன்றும் ஐந்தும் அதன் காரணிகள்.

இனி, 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் ஒன்றைக் கழிப்போம். 170 எனத் தொடங்கி 727 என முடியும் 39 இலக்கப் பேரெண் கிடைக்கும். பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் 1644ஆம் ஆண்டில் இதனை முதன்மை எண் எனக் குறித்தார். ஆயின் அதனை நிறுவினாரல்லர்.

நிறுவுவது எங்ஙனம்? சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாம். ஆனால் நொடிக்கு நூறு கோடி முறை வகுக்கும் பொறிக்கும் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். பிரெஞ்சு அறிஞர் லூக்கா 1876இல் வேறொரு வழி கண்டார். அமெரிக்கரான லேமர் அதனைப் பின்னர் செம்மைப்படுத்தினார்.

அவ்வழியைச் சிறிய எண்ணொன்றில் காண்போம். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. நான்கில் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்தால் 14. பதினான்கின் வர்க்கத்தில் இரண்டைக் கழித்தால் 194. அதனை 31ஆல் வகுக்க மீதி 8. எட்டின் வர்க்கத்தில் இரண்டைக் கழித்தால் 62. அது 31ஆல் மீதியின்றி வகுபடும். மூன்றாம் படியில் மீதி பூச்சியமாயிற்று. ஆகவே 31 முதன்மை எண். நம் பேரெண்ணுக்கு இவ்வாறு 125 படிகளே போதும். லூக்கா தம் கையாலேயே கணித்து அதனை முதன்மை எண் என நிறுவினார். 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், அறியப்பட்ட முதன்மை எண்களுள் அதுவே மிகப் பெரியதாய் விளங்கிற்று.

மெர்சென் கூறியவை யாவும் மெய்யாகவில்லை. 67 இரண்டுகளால் இவ்வாறு அமையும் எண்ணையும் அவர் முதன்மை எண் என்றார். அஃது அவ்வாறன்று என லூக்கா 1876இலேயே காட்டினார். ஆனால் அதன் காரணிகள் எவையென அவராற் சொல்ல முடியவில்லை. 1903இல் அமெரிக்கப் பேராசிரியர் கோல் அவற்றைக் கண்டறிந்தார்: 193707721, 761838257287. இவ்விரண்டையும் பெருக்கிச் சரிபார்க்கப் பள்ளி மாணவன் ஒருவனுக்குச் சிறிது நேரம் போதும். கண்டுபிடிக்கவோ இருபத்தேழு ஆண்டுகள் சென்றன.

ஓர் எண் பிளவுபடும் என்று அறிவது வேறு. எங்கே பிளவுபடும் என்று அறிவது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியையே இன்றைய மறைமொழி முறைகள் சில தம் அரணாகக் கொண்டுள்ளன. இரு பெரும் முதன்மை எண்களைப் பெருக்கி விடையை ஊரறிய வெளியிடலாம். காரணிகளை அறிந்தவரே செய்தியைத் திறக்க வல்லவர். ஆயினும் பிரித்தல் என்றென்றும் அரிதாகவே இருக்குமென எவரும் இதுவரை நிறுவவில்லை. நம் வங்கிக் கணக்குகளுக்கும் கடிதங்களுக்கும் காவலாக நிற்பனவற்றுள், நிறுவப்படாத அந்த நம்பிக்கையும் ஒன்று.