சேறு பூசும் தவளையும் பை உள்ள கோவாலாவும்



பீன்யாவில் வேலை செய்கிறீர்கள். கன்னடத்தில் 'கும்பார' என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். குயவர். உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டில் ஒரு தவளைக்கு இந்தப் பெயர் இருக்கிறது. அதைக் கும்பாரத் தவளை என்பார்கள். 2014-ஆம் ஆண்டில் விஞ்ஞானி குருராஜாவும் அவருடைய குழுவினரும் இதைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள். அப்போது அவர் இருந்தது இந்திய அறிவியல் கழகத்தில். உங்களுக்குப் பக்கம்தான், யஷ்வந்த்பூரைத் தாண்டினால் வந்துவிடும்.

குயவர் பெயர் ஏன் வந்தது? பெண் தவளை, ஓடைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியில் முட்டையிடும். இட்டதும் போய்விடும். பிறகு எல்லாம் ஆணின் வேலை. அது பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும். முன்னங்கால்களால் சேற்றை அள்ளி முட்டைகள்மேல் பூசும். மறுபடியும் அள்ளும், மறுபடியும் பூசும். முட்டை காயாது. தின்ன வரும் பூச்சி, பிராணிகளின் கண்ணிலும் படாது. இதற்காகத்தான் பூசுகிறது என்று கருதுகிறார்கள்.

இனி ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே கோவாலா என்ற பிராணி மரத்தில் வாழ்கிறது. பார்த்தால் கரடிக்குட்டி போல இருக்கும். ஆனால் கரடி இல்லை. கங்காருவைப் போலத் தாயின் வயிற்றில் பை உண்டு. கருவான சுமார் 35 நாளில் குட்டி பிறந்துவிடும். எடை 1 கிராம்கூட இராது. கண் திறந்திருக்காது. ஆனாலும் தானே ஊர்ந்து பைக்குள் போய்விடும்! சுமார் 6 மாதம் அங்கேயே பால் குடித்து வளரும்.

பை குட்டியைக் காக்கும். மரத்தைக் காக்குமா? கோவாலா தின்பது யூகலிப்டஸ் இலை. கர்நாடகத்தில் நீலகிரி மரம் என்கிறார்களே, அந்த வகை. அங்கே நிலத்துக்காகக் காடுகளை வெட்டினார்கள். காட்டுத் தீயும் நோயும் சேர்ந்துகொண்டன. 2022-இல் ஆஸ்திரேலிய அரசு, குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் கோவாலாவை அழியும் ஆபத்தில் உள்ள பிராணி என்று அறிவித்தது.

தவளையின் நிலை இன்னும் மோசம். அது தோலாலும் மூச்சு விடும். தோலாலேயே தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரில் நஞ்சு இருந்தால் அதுவும் உள்ளே போகும். முலாம் பட்டறையில் கையுறை போடாமல் தொட்டியில் கை விடுவீர்களா? தவளைக்குக் கையுறை ஏது? உலகில் தவளை, தேரை போன்றவற்றில் 100 இனங்களுக்குச் சுமார் 41 ஆபத்தில் இருப்பதாக 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

கும்பாரத் தவளை மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உண்டு. அதன் ஓடை வற்றினால் முட்டைமேல் பூசச் சேறு கிடைக்காது. பொரித்து வரும் தலைப்பிரட்டை விழத் தண்ணீரும் இருக்காது.