விரைந்து மெலிதலால் விளையும் கேடு

(அனுப்பம்பட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களிலிருந்து தொழிலையும் ஒரு பொழுது நிறுத்திவிட்டு, ரயில் வசதியுள்ள இவ்வூரில் திரளாகக் கூடியிருக்கும் உங்கள் முன் நிற்பது எமக்குப் பெருமகிழ்ச்சி தருவதாகும். வைத்திய நூலில் துறைபோகிய வல்லுநர் யாம் அல்லேம். ஆயினும் கற்றறிந்தோர் ஆராய்ந்து கூறியவற்றைத் தொகுத்து, நமது இல்லங்களுக்கு ஏற்றவாறு எடுத்துரைக்குமாறு சங்கத்தார் பணித்தமையால் அப்பணியை மேற்கொண்டோம். தேகத்தின் பருமனைச் சின்னாளில் பெரிதும் குறைக்க முயல்வதால் வரும் கேடே இன்று எமக்கு வகுத்த பொருள்.

‘மீன் பிடிக்கும் குலத்தார்க்கும் பருமனுக்கும் யாது தொடர்பு?’ எனச் சிலர் வினவக்கூடும். நம் பாட்டன்மார் காலத்தில் அவ்வினா பொருத்தமானதே. துடுப்பு வலித்தும் வலை இழுத்தும் ஆடவர் உழைத்தனர். கூடையைத் தலையில் ஏற்றிப் பெண்டிர் காத தூரம் நடந்தனர். உண்டது உழைப்பிலே கரைந்தது. இந்நாளில் படகிற்கு இயந்திரம் வந்துவிட்டது. கூடைக்கு ஆட்டோ வந்துவிட்டது. நம் பிள்ளைகளுட் பலர் எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கங்களில் கம்பெனி வேலைக்குச் செல்கின்றனர். உழைப்புக் குறைந்தது, தீட்டிய அரிசியும், சர்க்கரை மிகுந்த தேநீரும், எண்ணெய்ப் பண்டமும் பெருகின. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40.4 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவு கடந்த எடையுடையோர். அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தக் குறைவுடையோர் என்றும் கண்டனர். உடல் பருத்திருத்தலும் உடலிற் சத்து இன்மையும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்கக்கூடும் என்பதை இவ்விரு கணக்கையும் சேர்த்து நோக்கி அறிதல் வேண்டும்.

பருமனைக் குறைத்தல் நன்றே. நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், முழங்கால் நோவும் அதனால் தணியும். இதில் எமக்கு மாறுபாடு இல்லை. எம் வழக்கெல்லாம் விரைவோடுதான். அவ்விரைவு எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் ஒரு தேதியிலிருந்து வருகின்றது. தை மாதம் மணம் எனக் குறிக்கின்றார்கள். ‘அதற்குள் பெண் பத்துக் கிலோ இளைக்க வேண்டும்’ என்று ஒருவர் சொல்லிச் செல்கின்றார். போலீஸ் தேர்வுக்கு நாள் வருகின்றது; இளைஞன் அதற்குள் வயிற்றைக் கரைக்கப் புகுகின்றான். கல்லூரி திறக்கும் நாள் வருகின்றது. தோழர் நகைப்பாரே என்று சிறுவன் அஞ்சுகின்றான். கைபேசியைத் திறந்தால், பத்தே நாளில் மெலிய வழி உண்டு என்று யாரோ முகமறியாதவர் கூவுகின்றார். தேகமோ பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

அண்மையில் நடந்தவற்றைக் கேளுங்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலையில், கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல் பகுதியில், கல்லூரியிற் சேரவிருந்த 17 வயதுப் பிள்ளை ஒருவன், யூடியூப் காணொளியைப் பார்த்து, மூன்று மாத காலம் பழச்சாறு ஒன்றையே ஆகாரமாகக் கொண்டிருந்து திடீரென மூச்சுத் திணறி மாண்டான் என்னும் செய்தி தமிழ்நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு மார்ச்சில், கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்து மாணவி ஒருத்தி, பருத்துவிடுவோம் என்ற அச்சத்தால் பல மாதம் உணவை ஒறுத்து, தலச்சேரி ஆஸ்பத்திரியில் 18 வயதில் உயிர் நீத்தாள். 2026-ஆம் ஆண்டு ஜனவரியில், மதுரையில் 19 வயது மாணவி ஒருத்தி, கொழுப்பைக் கரைக்கும் என்று காணொளியிற் சொன்னதை நம்பி வெங்காரத்தை வாங்கி உண்டு, வாந்தியும் பேதியும் கண்டு இறந்தாள். வெங்காரமாவது பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்க இடும் உப்பு; உண்ணும் பொருளன்று. இம்மூவரும் பிறரைக் கெடுக்க நினைத்தவரல்லர். தம்மைத் திருத்திக்கொள்ள நினைத்த இளம்பிள்ளைகள். அதனாலேயே இவர்தம் சாவு நம் நெஞ்சை அறுக்கின்றது.

இனி, விரைந்து மெலிந்தால் உடலுள் யாது நிகழ்கின்றது என்பதை நோக்குவோம். முதலிற் கணக்கு. உடலிலுள்ள ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. ஒரு பெண்ணின் தேகம் ஒரு நாளிற் செலவிடுவது சுமார் 2,000 கலோரி என்று கொள்வோம். ஒரு பருக்கையும் உண்ணாது கிடந்தாலும் ஒரு கிலோ கொழுப்புக் கரைய நான்கு நாள் ஆகும். பத்துக் கிலோ கரைய 38 நாள் ஆகும். அங்ஙனமாயின், பத்து நாளில் பத்துக் கிலோ குறைந்தது என்று ஒருவர் தராசைக் காட்டுவாரேல், குறைந்தது கொழுப்பன்று என்பது வெளிப்படை. ஈரலிலும் தசையிலும் சேமித்த மாப்பொருளும், அதனோடு கட்டுண்ட நீரும் முதலிற் கழிகின்றன. பின்னர் தசை உருகுகின்றது. நீர் மீண்டும் பருகினால் வந்துவிடும்; உருகிய தசை அங்ஙனம் எளிதில் வாராது. இருதயமும் ஒரு தசையே என்பதை மறத்தலாகாது.

அடுத்து உப்புக்கள். இதை நமக்கு நம் ஏரியே கற்பிக்கும். ஆரணியாற்று நீர் ஒருபுறமும், முகத்துவாரத்தின் வழியே கடல் நீர் மறுபுறமும் வந்து கலப்பதால் ஏரியின் உப்பு ஏறி இறங்குகின்றது. மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் மீனும் இறாலும் தாங்கிக்கொள்ளும். பெருவெள்ளம் ஒரே நாளிற் புகுந்து உப்பைக் கெடுத்தால் அவை தாங்கா. நம் இரத்தத்திலும் பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பரஸ் முதலிய உப்புக்கள் ஓர் அளவில் நிற்கின்றன. கடும்பட்டினியாலும், பேதி மருந்தாலும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையாலும் அவ்வளவு குலையும்போது இருதயத்தின் தாளம் பிறழ்கின்றது. நேற்றுவரை நடமாடியவர் இன்று காலை எழவில்லை என்று சொல்லும் மரணங்கள் இவ்வகையாலும் நேரும்.

பித்தப்பையிற் கல் உண்டாதல் இன்னொரு தீங்கு. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இளைப்போர்க்கு இக்கல் தோன்றுதல் மிகுதி என்று வைத்தியர் கண்டுள்ளனர். மயிர் உதிர்தல் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்கும்; மணத்திற்காக மெலிந்த பெண், மணம் முடிந்தபின் கூந்தலை இழந்து வருந்துவாள். மாத விலக்கு நின்றுபோதலும் உண்டு. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்பவர் வைத்தியரைக் கேளாது உணவைத் திடீரெனக் குறைத்தால், சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரும். வீட்டில் மயங்கினால் தாங்குவார் உண்டு; வெயிலில், படகின் ஓரத்தில் நின்று வலை வீசும்போது மயங்கினால் தாங்குவார் யார்? பட்டினியோடு ஏரிக்குச் செல்லும் ஆடவர் இதை நினைவிற் கொள்வாராக.

பட்டினி முடிந்த பின்பும் அபாயம் தீர்வதில்லை. நெடுநாள் உணவின்றி மெலிந்தவர் ஒரேயடியாய் விருந்துண்டால், இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ் முதலியவை சட்டென்று உயிரணுக்களுள் இழுக்கப்பட்டு, இருதயமும் மூச்சும் தளரும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறை முகாம்களினின்று மீட்கப்பட்டவருட் சிலர் பசியால் மடியாது, உணவு கிடைத்தபின் மடிந்தது இதனாலேயே. 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்று உணவில் வைத்து ஆராய்ந்தனர். எடையில் ஏறக்குறையக் காற்பங்கு குறைந்தது. அதனோடு மனச்சோர்வும், ஓயாத உணவு நினைவும் அவர்களைப் பற்றின. மறுபடி உண்ணத் தொடங்கியபோது தசையினும் கொழுப்பே முந்தி வந்து சேர்ந்தது. விரைந்து இளைத்தவர் முன்னிலும் பருத்தல் ஏன் என்பதற்கு இஃது ஒரு விடை.

குறுக்கு வழி தேடிய உலகம் பலமுறை இடறியுள்ளது. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரான்சில் வெடிமருந்து செய்த தொழிலாளர் மெலிவதைக் கண்டு, டைநைட்ரோபீனால் என்னும் அப்பொருளையே 1933-இல் அமெரிக்காவில் எடை குறைக்கும் மருந்தாக வழங்கினர். உடல் உள்ளே கொதித்துச் சிலர் மாண்டனர். பலர் கண்ணிற் புரை விழுந்தது. 1938-இல் அதை அந்நாட்டில் விலக்கினர். 1970-களின் பிற்பகுதியில் திரவப் புரதம் ஒன்றை மட்டும் பருகி மெலிந்தவருட் பலர் இருதயத் தாளம் கெட்டு இறந்தனர். நம் நாட்டிலும் சிபுட்ரமின் என்னும் மாத்திரை விற்பனையில் இருந்து, இருதயத்திற்குத் தீங்கென்று 2011-இல் தடுக்கப்பட்டது.

அறுவைச் சிகிச்சையும் ஊசியும் உண்டே என்பீர்கள். மிகுந்த பருமனால் நோயுற்றவர்க்கு அவை உரிய இடத்தில் உதவுவனவே. ஆயினும் அவை விளையாட்டல்ல. 2024 ஏப்ரலில், எடை குறைக்கும் அறுவைக்காகச் சென்னைப் புறநகர்த் தனியார் ஆஸ்பத்திரியிற் சேர்ந்த புதுச்சேரி வாலிபர் ஒருவர் மரித்தார். அரசாங்கம் விசாரணை செய்து அவ்விடத்தின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2025-இல் நம் நாட்டிற்கு வந்த டிர்செபடைடு போன்ற வார ஊசிகளையும் சிற்றளவில் தொடங்கி, நான்கு வாரத்திற்குக் குறையாது இடைவெளி விட்டே படிப்படியாக அளவை ஏற்றுகின்றனர். புது மருந்தும் பொறுமையையே வேண்டுகின்றது. வைத்தியரின்றி, தெரிந்தவர் வாங்கிக் கொடுத்தார் என்று அதைப் போட்டுக்கொள்ளுதல் தகாது. பெயரறியாப் பொடிகளைக் கரைத்துக் குடித்தலும் அங்ஙனமே.

ஆயின் நல்வழி யாது? 1918-இல் நம் குன்னூரில் ஓரறை ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்ற நிலையமே இன்று தேசிய உணவு ஆராய்ச்சி நிலையமாக விளங்குகின்றது. வாரம் அரைக் கிலோ குறைதலே பொதுவாகத் தீங்கற்றது என்பதும், இளைப்பதற்கான உணவும் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குத் தாழலாகாது என்பதும் அதன் அறிவுரை. வாரம் அரைக் கிலோ என்றால் சிறிதெனத் தோன்றும். மாதம் இரண்டு கிலோ; அரையாண்டில் பன்னிரண்டு கிலோ! திருக்குறளில் 95-ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர். அதுவும் பெரும்பகுதி உணவின் அளவையும் பசியின் அளவையுமே பேசுகின்றது.

நமக்கு விலையுயர்ந்த பண்டம் எதுவும் வேண்டா. தட்டிற் சோற்றைப் பாதியாக்கிக் கீரையையும் காயையும் இருமடங்காக்குக. மடவையும் கிழங்கானும் நண்டும் நம் கையிலேயே உள்ள புரதம்; அவற்றை எண்ணெயிற் பொரியாது குழம்பாக்கி உண்க. கருவாட்டின் உப்பு, கொதிப்புடையோர்க்கு ஆகாது. தேநீரிற் சர்க்கரையைக் குறைத்து, நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்க. உறக்கத்தைக் கெடுக்காதீர். இடுப்பின் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்படுமாறு காத்தல் நன்று. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், வளரும் பிள்ளைகளும் வைத்தியரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் கூடவே கூடாது.

பெரியோர்களே! பாடு என்னும் முறையை நம் முன்னோர் ஏன் வகுத்தனர்? ஏரி ஒன்று, வலை பல. அவரவர் முறை வரும்வரை காத்திருந்து வலையிடுவதே நியாயம் என்றனர். முறை தவறி முந்துவோனைப் பஞ்சாயத்துக் கண்டிக்கும். ஏரியிடத்தில் காட்டும் அப்பொறுமையைப் பெற்ற பிள்ளைகளின் உடலிடத்திலும் காட்டுதல் முறையன்றோ?

ஆதலின் மூன்று விண்ணப்பங்களை இச்சபையின் முன் வைக்கின்றோம். முதலாவது, பெண் பார்க்கச் செல்லுமிடத்தில் பெண்ணின் எடையைப் பேசுதலும், மணநாளுக்குள் இளைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தலும் நம் குப்பங்களில் ஒழிதல் வேண்டும். இரண்டாவது, மெலிய விரும்புவோர் தொடங்குமுன் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்திலேனும் பொன்னேரி அரசாங்க ஆஸ்பத்திரியிலேனும் இரத்தம், சர்க்கரை, கொதிப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பிள்ளை உணவை ஒளித்தாலும், உண்டதும் தனியே சென்று வாந்தி எடுத்தாலும், மெலிந்த பின்னும் ‘இன்னும் பருமன்’ என்று அழுதாலும், அதைப் பிடிவாதம் என்று அடிக்காமல், நோய் என்று அறிந்து மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ கண்டால் 108-ஐ அழைக்கத் தாமதித்தல் ஆகாது.

பல ஆண்டுகளாய் ஏறிய எடை பல மாதங்களில் இறங்கட்டும். மணநாளைத் தள்ளி வைக்கலாம். தேர்வு மறுவருஷம் வரும். போன உயிர் வாராது. நம் பிள்ளைகள் நோயற்று நெடுங்காலம் வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக!